அப்ரைசல் குறைவாக வந்துவிட்டால் வீடு வாங்குபவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அமெரிக்காவில், நியூ ஜெர்சி எடிசன் பக்கம், ஒரு தம்பதி 5,20,000 டாலருக்கு வீடு பேசி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். டவுன் பேமென்ட் 20 சதவீதம். கடன் கொடுக்கும் லெண்டர் அனுப்பிய அப்ரைசர், அதாவது சொத்து மதிப்பீட்டாளர், வீட்டின் மதிப்பை 4,90,000 டாலர் என்று போட்டுவிட்டார். அப்ரைசலுக்குப் பணம் கட்டியது இவர்கள். ஆனால் அறிக்கை இன்னும் கைக்கு வரவில்லை, போனில் தொகையை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். "அப்ரைசரிடம் யாரும் பேசக் கூடாது, சட்டம் தடுக்கிறது" என்கிறார் லோன் ஆபீசர். "இன்னும் 30,000 டாலரைப் போட்டால் வேலை முடிந்தது" என்கிறார் ஏஜென்ட். பேஸ்மென்ட்டை அப்ரைசர் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று விற்பவர் கோபப்படுகிறார். மதிப்பு குறைந்தால் ஒப்பந்தத்திலிருந்து விலக இடம் தரும் அப்ரைசல் கான்டிஞ்சென்சி முடிய ஆறு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

நான் 2005 முதல் இந்தத் துறையில் அண்டர்ரைட்டராக, அதாவது கடன் விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவெடுப்பவராக, இருக்கிறேன். லோன் ஆபீசர் சொன்னதில் பாதிதான் சரி. ஏஜென்ட் சொன்ன கணக்கு தவறு. இரண்டையும் விளக்குகிறேன். ஆனால் மீதியைப் படிப்பதற்கு முன் லெண்டருக்கு ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கள்: "எங்கள் வீட்டின் அப்ரைசல் அறிக்கையின் முழுப் பிரதி வேண்டும்." இது சலுகை கேட்பது இல்லை. சம கடன் வாய்ப்புச் சட்டத்தின் (Equal Credit Opportunity Act) கீழ் வந்த விதி, 2014 ஜனவரி 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டின் மேல் முதல் அடமானமாகக் கொடுக்கப்படும் கடன் என்றால், லெண்டர் தயாரிக்க வைத்த ஒவ்வொரு அப்ரைசலையும், எழுத்து வடிவிலான வேறெந்த மதிப்பீட்டையும், அது முடிந்த கையோடு உங்களுக்குத் தர வேண்டும். அதிகபட்சத் தாமதம் என்றால், கடனும் கிரயமும் முடியும் நாளான க்ளோசிங்குக்கு மூன்று வேலை நாள் முன்பு வரை. இந்த இரண்டில் எது முந்தி வருகிறதோ அதுதான் கெடு. "க்ளோசிங்குக்கு முன்னால்தானே தருவோம்" என்று இழுக்க இடம் கிடையாது. அப்ரைசலுக்கான கட்டணத்தை உங்களிடம் வாங்கலாம், பிரதிக்கு ஒரு சென்ட் கூட வாங்கக் கூடாது. கடன் மறுக்கப்பட்டாலும், நீங்களே வேண்டாம் என்று விலகினாலும் பிரதி உங்களுக்கு வந்தாக வேண்டும்.

நீங்கள் விண்ணப்பித்த மூன்று வேலை நாளுக்குள் இந்த உரிமையைப் பற்றிய அறிவிப்பும் வந்திருக்கும். கணினியில் கையெழுத்துப் போட்ட அந்த நாற்பது ஐம்பது பக்கங்களுக்குள் ஒரு பத்தியாக இருந்திருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள். மூன்று நாள் அவகாசத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஒரு படிவமும் அதே கட்டில் இருந்திருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் போவது அந்த அவகாசம் மட்டும்தான். பிரதி பெறும் உரிமை அப்படியே இருக்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரில் என் அப்பா வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியின் பேனல் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கட்டணம் நாங்கள்தான் கட்டினோம். அறிக்கையை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை, கேட்கவும் தோன்றவில்லை. அது வங்கிக்கும் இன்ஜினியருக்கும் இடையிலான விஷயம் என்றே நினைத்தோம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வரும் நம் மக்கள் பலர் இங்கும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். லெண்டர் கடன் விகிதத்தைக் கணக்கிடும்போது ஒப்பந்த விலை, அப்ரைசல் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்வார். உங்கள் திட்டப்படி டவுன் பேமென்ட் 1,04,000, கடன் 4,16,000. மதிப்பு 4,90,000 ஆனதால் அதே 4,16,000 கடன் இப்போது 84.9 சதவீதமாகிவிடுகிறது. 80 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்றால் கடன் 3,92,000 தான் இருக்கலாம். விலை இறங்காவிட்டால் நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது 1,28,000. அதாவது கூடுதலாக 24,000 டாலர், 30,000 அல்ல. இன்னொரு வழியும் இருக்கிறது. கூடுதலாக ஒன்றும் போடாமல் 84.9 சதவீதத்திலேயே கடனை வாங்கி, பி.எம்.ஐ. என்னும் அடமானக் காப்பீட்டை மாதாமாதம் கட்டலாம். 1998-ல் வந்த வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டப்படி, அசல் மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கடன் இறங்கியதும் அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். ஒழுங்காகக் கட்டிவந்தால், தவணை அட்டவணைப்படி 78 சதவீதம் வரும் நாளில் தானாகவே நிற்க வேண்டும். இங்கே அசல் மதிப்பு என்பதும் அந்தக் குறைந்த தொகைதான், உங்கள் விஷயத்தில் 4,90,000. மாதத் தொகை எவ்வளவு கூடும் என்று லெண்டரிடம் திருத்திய மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். சேமிப்பை வழித்துத் துடைத்துக் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு தொகைகளும் உங்கள் முன்னால் இருக்க வேண்டும்.

ஆனால் 30,000-மா 24,000-மா என்பதை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுக்கு 5,20,000 கொடுக்கலாமா என்பதுதான் அது. அதற்குப் பதில் தேட, அப்ரைசரைச் சுற்றி ஏன் இப்படி ஒரு சுவர் கட்டினார்கள் என்று தெரிந்தால் உதவும்.

1980-களில் அமெரிக்காவில் சேவிங்ஸ் அண்ட் லோன் எனப்படும் சேமிப்பு–கடன் நிறுவனங்கள் ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக விழுந்தன. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, இஷ்டத்துக்கு ஏற்றிப் போடப்பட்ட சொத்து மதிப்பீடுகள். அப்போது அப்ரைசராக இருக்கப் பெரும்பாலான மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. 1989-ல் வந்த சீர்திருத்தச் சட்டம், அப்ரைசர்களுக்கு மாநில உரிமத்தையும் நாடு முழுக்க ஒரே தொழில் தரத்தையும் கொண்டுவந்தது. உரிமம் வந்தது, அழுத்தம் போகவில்லை. 2000-களில் வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் கடன் முடிந்தால்தான் எல்லோருக்கும் கமிஷன். மதிப்பு விலைக்கு எட்டாவிட்டால் கடன் முடியாது. அதனால் விலையை எட்டாத அப்ரைசருக்கு அடுத்த வேலை வராது. 2000-க்கும் 2007-க்கும் இடையில் ஏறத்தாழ 11,000 அப்ரைசர்கள் கையெழுத்திட்டு ஒரு மனுக் கொடுத்தார்கள். "லெண்டர்கள் மதிப்பை ஏற்றச் சொல்கிறார்கள், மறுத்தால் கறுப்புப் பட்டியலில் வைக்கிறார்கள்" என்பதுதான் அதன் சாரம். நிதி நெருக்கடியை விசாரித்த ஆணையம் 2011-ல் வெளியிட்ட அறிக்கையில் இதைப் பதிவு செய்திருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதை நேரிலேயே பார்த்தேன். அங்கே அப்ரைசல் ஆர்டர் படிவத்தில் எதிர்பார்க்கும் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதிய தொகைதான் பத்துக்கு ஒன்பது முறை அறிக்கையில் திரும்பி வரும். யாரும் யாரையும் மிரட்டவில்லை, அந்தக் கட்டம் ஒன்றே போதுமானதாக இருந்தது. அப்படி ஏற்றிய மதிப்பில் கடன் வாங்கியவர்களில் சிலருடைய கோப்புகள் 2009-ல் மறுபடி என் மேசைக்கு வந்தன. கடன் பாக்கியை விட வீட்டின் விலை கீழே போயிருந்தது. விற்கவும் முடியவில்லை, வட்டி இறங்கியபோது பழைய கடனை அடைக்கப் புதிதாக மறுகடன் வாங்கவும் முடியவில்லை. வாங்கிய நாளில் அவர்களுக்கு உண்மையான மதிப்பை யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பேராவது தப்பியிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

2007 நவம்பரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆண்ட்ரூ குவோமோ, ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தின் மீதும் அதன் கிளையான ஈ-அப்ரைஸ்-இட் மீதும் வழக்குத் தொடுத்தார். வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியின் அழுத்தத்துக்குப் பணிந்து அப்ரைசர்களை மாற்றியதாகக் குற்றச்சாட்டு. 2012-ல் அது 78 லட்சம் டாலருக்குச் சமரசமானது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2008-ல், லெண்டர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் பெரிய நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டோடும் குவோமோ ஒரு நடத்தை விதிக்கு உடன்பாடு செய்துகொண்டார். அது 2009 மே 1-ல் அமலுக்கு வந்தது. அடுத்த ஆண்டு டாட்–ஃபிராங்க் என்னும் நிதித் துறைச் சீர்திருத்தச் சட்டம் அதன் இடத்தில் நிரந்தரமான விதியை வைத்தது. குடியிருக்கும் வீட்டை ஈடாக வைத்துக் கொடுக்கும் கடனில், மதிப்பை ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கொண்டுவர அப்ரைசரை வற்புறுத்துவது, ஆசை காட்டுவது, மிரட்டுவது, கட்டணத்தை நிறுத்திவைப்பது எல்லாமே சட்ட மீறல். முதல் மீறலுக்கு ஒரு நாளைக்கு 10,000 டாலர் வரை, திரும்பச் செய்தால் 20,000 வரை அபராதம் என்று சட்டத்தில் எழுதினார்கள். கமிஷன் வாங்கும் லோன் ஆபீசரோ புரோக்கரோ அப்ரைசரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் அத்தோடு நின்றது. இன்று பெரும்பாலான ஆர்டர்கள் அப்ரைசல் மேலாண்மை நிறுவனம் என்னும் இடைநிலை அமைப்பு வழியாகத்தான் போகின்றன.

இதுதான் உங்கள் லோன் ஆபீசர் சொன்ன பாதி. அவர் விட்ட மீதிப் பாதி அதே விதியிலேயே எழுதியிருக்கிறது. கூடுதல் தகவலைப் பரிசீலிக்கும்படி அப்ரைசரைக் கேட்கலாம், முடிவுக்கு இன்னும் விளக்கம் கேட்கலாம், தவறுகளைத் திருத்தச் சொல்லலாம். இந்த மூன்றும் அனுமதிக்கப்பட்டவை. "5,20,000 போட்டுக் கொடுங்கள்" என்று சொல்வதுதான் தடை. "நான்கு படுக்கையறை வீட்டை மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள்" என்று சொல்வது தடை இல்லை. நீங்கள் நேரடியாக அப்ரைசரைக் கூப்பிட வேண்டாம், லெண்டர் வழியாகப் போக வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்காகக் கட்டிய சுவரை உங்கள் வாயை அடைக்கப் பயன்படுத்துவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பல லோன் ஆபீசர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அபராதத்துக்குப் பயந்து, வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அறிக்கை வந்ததும் என்ன பார்ப்பது? முப்பது பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். உயிர் நாடி ஒப்பு விற்பனை அட்டவணைதான், இங்கே எல்லோரும் காம்ப்ஸ் என்பார்கள். இடது பக்கம் உங்கள் வீடு, பக்கத்தில் அண்மையில் விற்ற குறைந்தது மூன்று வீடுகள். ஒவ்வொன்றும் உங்கள் வீட்டிலிருந்து எந்த விதத்தில் வேறுபடுகிறதோ அதற்கு ஒரு தொகையைக் கூட்டியோ கழித்தோ போட்டிருப்பார். அவர் எடுத்த வீட்டில் இரண்டு கார் கராஜ், உங்களுடையதில் ஒன்று என்றால் அதன் விலையிலிருந்து கழிப்பார். இதை வரி வரியாகப் படியுங்கள். கராஜ், குளியலறை எண்ணிக்கை, மனை அளவு, கட்டிய ஆண்டு, கூரையும் சமையலறையும் எப்போது மாற்றப்பட்டன என்ற விவரம் சரியா? வீட்டின் நிலைக்கு சி1 முதல் சி6 வரை ஒரு தரம் போட்டிருப்பார். புது வீடு சி1, இடிந்து விழும் நிலை சி6. கடந்த ஆண்டு முழுக்கப் புதுப்பித்த வீட்டுக்கு சி4 என்று இருந்தால் அதற்குக் காரணம் கேட்கலாம்.

காம்ப்ஸ் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். இந்தப் பகுதியில் ஒரு நெடுஞ்சாலையைத் தாண்டினால் பள்ளி மாவட்டம் மாறும், வரி மாறும், விலையும் மாறும். தூரம் அரை மைல்தான் என்றாலும் அது வேறு சந்தை. உங்கள் தெருவிலேயே இரண்டு மாதம் முன்பு விற்ற வீடு இருக்க, ஊருக்கு அந்தப் பக்கம் எட்டு மாதம் முன்பு விற்றதை ஏன் எடுத்தார் என்பது நியாயமான கேள்வி. இந்த ஊரில் வேலை செய்து பழக்கமில்லாத அப்ரைசரை இடைநிலை நிறுவனம் அனுப்பும்போது இந்த வகைப் பிழை வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பேஸ்மென்ட் விஷயத்தில் விற்பவர் சொல்வது சரியல்ல. ஃபேனி மே 2022 ஏப்ரல் 1 முதல் ஒரு அளவீட்டு முறையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன்படி ஒரு தளத்தின் எந்தப் பகுதியாவது மண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தளம் முழுவதும் பேஸ்மென்ட் கணக்குதான். எவ்வளவு அழகாகக் கட்டி முடித்திருந்தாலும் முதன்மைப் பரப்பளவில் சேராது. அதற்காக மதிப்பே இல்லை என்றும் இல்லை, அட்டவணையில் அதற்குத் தனி வரி உண்டு. அந்த வரியில் எவ்வளவு போட்டிருக்கிறார், காம்ப்ஸ் வீடுகளின் பேஸ்மென்ட்டுகள் எப்படி என்று பாருங்கள். விற்பனை விளம்பரத்தில் 2,600 சதுர அடி என்று போட்டு, அதில் 700 பேஸ்மென்ட் என்றால், அப்ரைசர் 1,900 என்று எழுதுவார். அது பிழை ஆகாது. நீங்கள் எதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது.

தவறு கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். மதிப்பு மறுபரிசீலனை (reconsideration of value) என்ற சொல்லையே லெண்டருக்கு எழுதும் ஈமெயிலில் பயன்படுத்துங்கள், அவர்களிடம் அதற்கு ஒரு நடைமுறை இருக்கும். ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டும் 2024 ஆகஸ்ட் 29 முதல், தங்களுக்கு விற்கப்படும் கடன்களில் லெண்டர்கள் இப்படி ஒரு வழியைக் கடன்தாரருக்குத் திறந்து வைத்து முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றன. ஒரு அறிக்கைக்கு ஒரே ஒரு முறை கேட்கலாம், ஐந்து ஒப்பு விற்பனைகள் வரை கொடுக்கலாம். ஒரே முறை என்பதால் அவசரப்பட்டுக் கோபத்தோடு எழுதி அதை வீணாக்காதீர்கள். முதல் பத்தியில் உண்மைப் பிழைகள், பக்க எண்ணோடு. அடுத்து மாற்று விற்பனைகள்: முகவரி, விற்ற தேதி, விலை, உங்கள் வீட்டோடு ஏன் பொருந்துகிறது என்று ஒரு வரி. அப்ரைசல் தேதிக்கு முன் க்ளோசிங் முடிந்த விற்பனைகளாக இருக்கட்டும். விற்பனைக்கு வந்து நிற்கும் வீட்டின் கேட்கும் விலைக்கு இங்கே எடை இல்லை, இணையதளம் தானாகக் காட்டும் மதிப்புக்கும் இல்லை. "நாங்கள் இவ்வளவு ஒப்புக்கொண்டோம்", "இன்னொருவரும் இதே விலை கேட்டார்" என்பவற்றை எழுதவே வேண்டாம்.

அரசுக் காப்பீடு பெறும் எஃப்.எச்.ஏ. கடனுக்கும் 2024-ல் இதே போல ஒரு விதி வந்தது, 2025 மார்ச்சில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். வழிகாட்டுதல்கள் அரசு மாறினால் மாறும். பிரதி பெறும் உரிமையும், தவறைச் சுட்டிக்காட்டும் உரிமையும் சட்டத்தை ஒட்டிய விதிகளில் இருப்பதால் நான் அவற்றை முதலில் சொன்னேன்.

பிழை எதுவும் கிடைக்கவில்லை என்றால்? அப்போது 4,90,000 என்பதை நம்பத் தயாராகுங்கள் என்பேன். அப்ரைசருக்கு உங்கள் ஒப்பந்தத்தின் நகல் கொடுக்கப்படுகிறது. 5,20,000 என்ற தொகையைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வேலையைத் தொடங்கினார். பெரும்பாலான அறிக்கைகள் ஒப்பந்த விலையையோ அதற்குச் சற்று மேலேயோதான் வந்து நிற்கும். விலையைத் தெரிந்துகொண்டும் ஒருவர் 30,000 குறைத்து எழுதுகிறார் என்றால் அதற்கான காரணம் அறிக்கையில் இருக்கும். இந்த விற்பனையில் விற்பவர், இரண்டு ஏஜென்ட்கள், லோன் ஆபீசர் எல்லோருக்கும் மதிப்பு மேலே இருந்தால் லாபம். வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டதால் இந்த வாரம் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். விலை ஏற வேண்டும் என்ற அவசியம் இல்லாத ஒரே ஆள் அப்ரைசர். அறிக்கையில் லெண்டர்தான் வாடிக்கையாளர் என்று இருக்கும். ஆனால் ஃபேனி மே, ஃப்ரெடி மேக்கின் வழக்கமான படிவத்தில் அப்ரைசர் கையெழுத்திடும் உறுதிமொழிகளில் 23-வது, கடன்தாரரும் இந்த அறிக்கையை நம்பிச் செயல்படலாம் என்கிறது. இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

ஆகவே அறிக்கையை எடுத்துக்கொண்டு விற்பவரிடம் போங்கள். அவர் வேறு வாங்குபவரைத் தேடினாலும், கடன் வாங்கி வருகிறவர் என்றால் இதே சந்தையில் இன்னொரு அப்ரைசலைத்தான் சந்திக்க வேண்டும். முழுதாக 4,90,000-க்கு இறங்கச் சொல்லலாம், நடுவில் சந்திக்கலாம். கான்டிஞ்சென்சி உயிரோடு இருக்கும் வரை முன்பணத்தோடு விலகும் வழியும் உங்களிடம் இருக்கிறது. போட்டி அதிகமான காலத்தில் இந்த கான்டிஞ்சென்சியை விட்டுக்கொடுக்கும்படி ஏஜென்ட்கள் சொல்வார்கள். நீங்கள் விடாமல் வைத்திருப்பது நல்ல காரியம். எஃப்.எச்.ஏ. கடனிலும், முன்னாள் ராணுவத்தினருக்கான வி.ஏ. கடனிலும் மதிப்பு குறைந்தால் முன்பணத்தை இழக்காமல் விலகும் பிரிவு ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். வி.ஏ. இன்னும் ஒரு படி மேலே போகிறது. மதிப்பு விலையை எட்டாது போலத் தெரிந்தால், அறிக்கையை முடிப்பதற்கு முன்பே அப்ரைசர் தகவல் சொல்லி, கூடுதல் விற்பனை விவரங்கள் தர இரண்டு வேலை நாள் கொடுக்க வேண்டும். டைட்வாட்டர் நடைமுறை என்பார்கள். எல்லாக் கடனுக்கும் இது வர வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றைக் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் அது நடந்ததாக எந்த அறிகுறியும் இல்லை. பாரபட்சம் உண்மையானது. ஃப்ரெடி மேக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஒப்பந்த விலையை விடக் குறைந்து வந்த அப்ரைசல்கள் வெள்ளையர் பெரும்பான்மைப் பகுதிகளில் 7.4 சதவீதம், லத்தீனோ பகுதிகளில் 15.4, கறுப்பினப் பகுதிகளில் 12.5. கலிஃபோர்னியாவின் மாரின் சிட்டியில் ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டுக்கு 9,95,000 டாலர் என்று வந்தது. குடும்பப் படங்களை எடுத்துவிட்டு, வெள்ளையினத் தோழி ஒருவர் வீட்டுக்காரராக நின்றபோது அதே வீடு 14,82,500 ஆனது. வாங்கும்போது வீட்டில் இருப்பது விற்பவர் என்பதால் இது மறுகடன் வாங்கும் நேரத்தில்தான் அதிகம் தெரியவரும். அறிக்கையில் அக்கம்பக்கத்து மக்களின் இனம், மதம், நாடு பற்றி ஒரு சொல் இருந்தாலும், ஒரே இனத்தவர் வாழும் தெருக்களிலிருந்து மட்டும் காம்ப்ஸ் பொறுக்கியிருந்தாலும் விடாதீர்கள். 1968-ன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் அப்ரைசரையும் கட்டுப்படுத்துகிறது. வீட்டுவசதித் துறையான ஹட்டில் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம், நீதிமன்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை போகலாம்.

பாரபட்சம் இல்லாத சாதாரணத் திறமைக் குறைவு என்றால் புகார் போக வேண்டிய இடம் மாநில அப்ரைசர் வாரியம். லெண்டர் பிரதி தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி. அங்கே புகார் எண் வாங்கியதும் அறிக்கை மறுநாளே ஈமெயிலில் வந்த கோப்புகள் எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: சிலருக்கு "உங்களுக்கு அப்ரைசலே தேவையில்லை, மிச்சம்" என்று நல்ல செய்தி வரும். ஃபேனி மே, ஃப்ரெடி மேக் கணினி மதிப்பீட்டை வைத்துத் தரும் விலக்கு அது. 2025-ல், வீடு வாங்க எடுக்கும் கடனுக்கு இதன் வரம்பை வீட்டு மதிப்பில் 80 சதவீதத்திலிருந்து 90 ஆக உயர்த்தினார்கள். கணினி மாதிரிகளின் தரத்துக்கு 2025 அக்டோபர் 1 முதல் ஆறு கண்காணிப்பு அமைப்புகளின் கூட்டு விதி ஒன்றும் இருக்கிறது. ஆனாலும் அப்ரைசர் யாரும் அந்த வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை என்பதே அந்த நல்ல செய்தியின் பொருள். ஆறேழு நூறு டாலர் கொடுத்துச் சொந்தமாக ஒரு அப்ரைசரை அமர்த்திக்கொள்வதை நான் சிபாரிசு செய்கிறேன். குறிப்பாக, விற்பவர் சில மாதங்களுக்கு முன்தான் அந்த வீட்டை வாங்கிப் பெயின்ட் அடித்துத் திரும்ப விற்கிறார் என்றால். சாதாரணத்தை விட வட்டி கூடிய சில கடன்களுக்கு இதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. விற்பவர் வாங்கி 90 நாளுக்குள் 10 சதவீதத்துக்கு மேல், அல்லது 91 முதல் 180 நாளுக்குள் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றி விற்றால், லெண்டர் தன் செலவில் இரண்டாவது அப்ரைசல் எடுக்க வேண்டும். வழக்கமான நல்ல வட்டிக் கடன்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. அங்கே நம்மை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், அப்ரைசல் வேறு, ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் வேறு. கூரை ஒழுகுமா, கொதிகலன் எத்தனை வருடம் ஓடும் என்று அப்ரைசர் பார்ப்பதில்லை.

உங்கள் ஆறு நாளுக்கு வருகிறேன். மறுபரிசீலனைக்கு ஒரு வாரம் எளிதாகப் போய்விடும், அதனால் இன்றே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி அப்ரைசல் கான்டிஞ்சென்சிக்குப் பத்து நாள் நீட்டிப்பு எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். விற்பவரின் வழக்கறிஞர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் வரை அது நீட்டிப்பு ஆகாது, ஏஜென்ட் போனில் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நாளைக்குள் அறிக்கை வராவிட்டால் லெண்டருக்கு இரண்டாவது ஈமெயில், சம கடன் வாய்ப்புச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு. வந்ததும் இருவரும் தனித்தனியாக ஒரு முறை, பிறகு சேர்ந்து ஒரு முறை காம்ப்ஸ் அட்டவணையைப் படியுங்கள். பிழை இருந்தால் மூன்றாம் நாளுக்குள் மறுபரிசீலனைக் கடிதம் போய்விட வேண்டும். பிழை இல்லையென்றால் அதே நாளில் அறிக்கையை வைத்து விற்பவரிடம் விலை பேசுங்கள். ஐந்தாம் நாள் மாலைக்குள் நீட்டிப்பும் வரவில்லை, விலையும் இறங்கவில்லை என்றால், விலகும் கடிதத்தை வழக்கறிஞர் தயாராக வைத்திருக்கட்டும்.